கோபாட் என்றால் வேலி வேண்டாமா? ரோபோ பாதுகாப்பு, ஆரம்பத்திலிருந்து

"கோபாட் வாங்கிட்டா வேலியே வேண்டாங்க. ஆள் மேல பட்டாத் தானா நின்னுடும்."

சேலத்தில் கருப்பூர், ஓமலூர், இரும்பாலை பக்கத்துப் பட்டறைகளில் ஆட்டோமேஷன் பேச்சு எடுத்தால் இந்த வாக்கியம் வராமல் இருக்காது. கோபாட் என்பது ஆள் பக்கத்திலேயே வேலை செய்யும் ரோபோ கை. விற்க வருபவர் சொல்கிறார். முதலாளி நம்புகிறார். ஐ.டி.ஐ. முடித்துவிட்டு அந்த மெஷின் பக்கத்தில் எட்டு மணி நேரம் நிற்கப்போகிற பையனுக்கும் இதுவே பாடமாகப் போய்ச் சேருகிறது. சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதியில்தான் விரல் போகிறது.

ரோபோ பாதுகாப்பு என்றால் பெரிய கார் கம்பெனிகளின் விஷயம் என்று பலரும் ஒதுங்கிக்கொள்கிறார்கள். அதன் அடிப்படையைப் புரிந்துகொள்ள டிப்ளமோகூடத் தேவையில்லை. கொஞ்சம் பெருக்கல் கணக்கும், கையை எங்கே வைக்கிறோம் என்ற கவனமும் இருந்தால் போதும்.

எது ரோபோ, எது கோபாட்

தொழிற்சாலை ரோபோ என்பது பல மூட்டுகள் கொண்ட, புரோகிராம் போட்டால் அதன்படி அசையும் ஓர் இரும்புக் கை. 1961-ல் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆலையில் முதல் கை வேலைக்கு வந்தது. அச்சிலிருந்து வரும் சூடான வார்ப்புகளை எடுத்து வைப்பது அதன் வேலை. அன்று முதல் இந்த வகைக் கைகளின் குணம் ஒன்றுதான்: வேகம் அதிகம், பலம் அதிகம், எதிரில் ஆள் இருப்பது தெரியாது. அதனால்தான் கம்பி வேலிக்குள் வைத்தார்கள்.

கோபாட் என்பது மனிதர் பக்கத்திலேயே வேலை செய்யும் நோக்கத்தோடு செய்யப்பட்ட கை. எடை குறைவு, ஓரங்கள் உருண்டை, வேகத்துக்கும் விசைக்கும் கட்டுப்பாடு உண்டு. ஒவ்வொரு மூட்டிலும் எவ்வளவு விசை செல்கிறது என்று கவனித்துக்கொண்டே இருக்கும். எதிர்பாராத தடை வந்தால் நிற்கும். அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் 1990-களில் பிறந்த எண்ணம் இது. டென்மார்க்கின் யுனிவர்சல் ரோபாட்ஸ் 2008-ல் தன் முதல் கையை விற்ற பிறகு சின்னப் பட்டறைகளுக்கும் வரத் தொடங்கியது.

"பட்டா நின்னுடும்" என்ற பேச்சு இங்கிருந்து வந்ததுதான். ஆனால் நிற்பது கை. கை பிடித்திருக்கும் பொருளுக்கு அந்த உணர்வு கிடையாது.

ஏற்காடு மலைப்பாதையில் ஒரு வண்டி

சேலம் அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறினால் 20 கொண்டை ஊசி வளைவுகள். நல்ல பிரேக் உள்ள ஒரு வண்டியை நினைத்துக்கொள்ளுங்கள். "இந்த வண்டி பாதுகாப்பானதா?" என்று ஷோரூமில் நின்று கேட்டால் யார் என்ன பதில் சொல்ல முடியும்? ஓமலூர் நாலுவழிச் சாலையில் காலியாகப் போகும்போது ஒரு பதில். மிளகு மூட்டை ஏற்றிக்கொண்டு, மழையில், எதிரே பஸ் வரும் வளைவில், ஓரமாகச் சிலர் நடந்து போகும் நேரத்தில் வேறு பதில். வண்டி அதேதான். சுமை, வேகம், சாலை, அக்கம்பக்கத்து ஆட்கள் எல்லாம் சேர்ந்துதான் பாதுகாப்பை முடிவு செய்கின்றன.

ரோபோவும் அப்படித்தான். பெட்டியிலிருந்து இறக்கிய வெறும் கை இன்னும் ஒரு முழு மெஷின் ஆகவில்லை. ஐரோப்பிய இயந்திரச் சட்டமே வெறும் ரோபோ கையை 'பகுதி மட்டும் முடிந்த இயந்திரம்' என்ற வகையில் வைக்கிறது. அதன் நுனியில் என்ன மாட்டுகிறோம், அது எதைத் தூக்குகிறது, எந்த வேகத்தில் போகிறது, பக்கத்தில் மேசை எங்கே, ஆள் எங்கே என்பதெல்லாம் முடிவான பிறகுதான் அது முழு மெஷின். நுனியில் மாட்டும் பிடிப்பானைப் பட்டறையில் கிரிப்பர் என்பார்கள். இவை அனைத்தையும் சேர்த்து ஓடவைக்கும் நிறுவனம் இன்டகிரேட்டர். சேலத்துப் பட்டறைகளுக்குப் பெரும்பாலும் கோவையிலிருந்தோ ஓசூரிலிருந்தோ வருகிறார்கள்.

தரநிலை என்பது பல நாட்டு வல்லுநர்கள் உட்கார்ந்து பேசி ஒப்புக்கொண்டு எழுதிய ஒழுங்கு. ரோபோ பாதுகாப்புக்கு அடிப்படைத் தரநிலை ஐ.எஸ்.ஓ. 10218. அதில் இரண்டு பாகங்கள்: முதல் பாகம் கையைச் செய்பவருக்கு, இரண்டாம் பாகம் அதைக் கொண்டுவந்து பட்டறையில் நிறுவுபவருக்கு. 2011-ல் இரண்டும் சேர்ந்து வெளிவந்தன. மனிதரும் ரோபோவும் ஒரே இடத்தில் வேலை செய்வதற்கென்று 2016-ல் ஐ.எஸ்.ஓ. டி.எஸ். 15066 என்ற தனி வழிகாட்டி வந்தது. 2025-ல் 10218 புதுப்பிக்கப்பட்டபோது அந்த வழிகாட்டியின் சாரம் இரண்டாம் பாகத்துக்குள்ளேயே போய்ச் சேர்ந்தது.

புதிய பதிப்பு இன்னொன்றும் செய்திருக்கிறது. 'கூட்டுழைப்பு ரோபோ' என்று ஒரு தனி வகையை அது பேசுவதில்லை. 'கூட்டுழைப்புப் பயன்பாடு' என்றுதான் பேசுகிறது. எனக்கு இது மிகப் பெரிய தெளிவாகப் படுகிறது. விளம்பரத்தாளில் கோபாட் என்று அச்சிட்டிருப்பதால் வேலி போய்விடாது. உங்கள் பட்டறையில், உங்கள் பொருளோடு அது செய்யும் வேலையைப் பார்த்துத்தான் வேலி வேண்டுமா என்று சொல்ல முடியும்.

இதுவரை: கோபாட் என்பது சில பாதுகாப்பு வசதிகள் உள்ள ஒரு கை. பாதுகாப்பை அந்தக் கை மட்டும் தருவதில்லை. கிரிப்பர், பொருள், வேகம், இடம், ஆள் எல்லாம் சேர்ந்த முழு வேலையைப் பார்க்க வேண்டும்.

இடர் மதிப்பீடு என்றால் என்ன

காயம் உண்டாக்கக்கூடிய எதுவும் ஆபத்து. கூரான ஓரம் ஓர் ஆபத்து. அந்த ஓரம் ஒரு ஆளின் கையில் படும் வாய்ப்பு எவ்வளவு, பட்டால் காயம் எவ்வளவு மோசம் என்ற இரண்டையும் சேர்த்துப் பார்ப்பது இடர். ஆபத்துகளை ஒவ்வொன்றாகப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றின் இடரையும் எடைபோட்டு, குறைக்க என்ன செய்தோம் என்று எழுதி வைப்பதுதான் இடர் மதிப்பீடு.

எந்த மெஷினுக்கும் குறைக்கும் வரிசையை ஐ.எஸ்.ஓ. 12100 சொல்கிறது. முதலில் வடிவமைப்பிலேயே ஆபத்தை நீக்கு. முடியாவிட்டால் வேலி, சென்சார் மாதிரித் தடுப்பு போடு. அப்போதும் மிஞ்சுவதற்கு எச்சரிக்கைப் பலகை, பயிற்சி. நம் ஊரில் இது பல இடங்களில் தலைகீழாக நடக்கிறது. "கையை உள்ளே விடாதே" என்று பலகை மாட்டிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். வரிசையில் கடைசியாக வர வேண்டியதை முதலில் வைத்துவிட்டு, விபத்து நடந்தால் ஆபரேட்டர் கவனக்குறைவு என்று எழுதுவது நியாயமில்லை.

சேர்ந்து வேலை செய்ய நான்கு வழிகள்

மனிதரும் ரோபோவும் ஒரே இடத்தில் இருக்க 2016 வழிகாட்டி நான்கு வழிகளைச் சொல்கிறது. முதல் வழியில், ஆள் உள்ளே வந்தால் ரோபோ நின்று, வெளியே போகும் வரை அசையாமல் நிற்கும். இரண்டாவதில், ஆள் தன் கையாலேயே ரோபோவைப் பிடித்து இழுத்து நடத்துவார். இவை இரண்டும் எளிதில் புரிபவை. மற்ற இரண்டில்தான் குழப்பம்: ஒன்று தூரத்தை வைத்துக் காப்பது, மற்றது விசையை வைத்துக் காப்பது.

தூரக் கணக்கு

தரையில் ஒரு லேசர் ஸ்கேனர் வைத்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆள் கோட்டைத் தாண்டினால் ரோபோ நிற்கும். கோட்டை எவ்வளவு தூரத்தில் போடுவது? பெயிண்ட் டப்பாவோடு வந்தவர் கண்ணளவில் போட்டுவிட்டுப் போகக் கூடாது. ஐ.எஸ்.ஓ. 13855 இதற்குக் கணக்கு தருகிறது.

நடந்து வரும் ஆளின் வேகத்தை நொடிக்கு 1.6 மீட்டர் என்று வைக்கிறார்கள். ஸ்கேனர் ஆளைக் கவனித்துச் செய்தி அனுப்ப 0.1 நொடி, ரோபோ முழுதாக நிற்க 0.5 நொடி என்றால் மொத்தம் 0.6 நொடி. அந்த நேரத்தில் ஆள் 0.96 மீட்டர் முன்னே வந்திருப்பார். ஆளின் கால் கோட்டில் இருந்தாலும் கை முன்னால் நீண்டிருக்குமே? அதற்காகத் தரையோடு பார்க்கும் ஸ்கேனருக்குக் குறைந்தது 0.85 மீட்டராவது கூட்ட வேண்டும். மொத்தம் 1.8 மீட்டருக்குக் கொஞ்சம் மேல். இதற்குள் கோடு போட்டால், ரோபோ நிற்பதற்கு முன்பே கை அங்கே போய்விடும்.

அந்த 0.5 நொடியைத்தான் பலர் மறக்கிறார்கள். ரோபோ நிற்க எடுக்கும் நேரம் நிலையானதில்லை. தூக்கும் சுமையைக் கூட்டினாலோ, கை முழுதாக நீண்டிருந்தாலோ, வேகத்தைக் கூட்டினாலோ அது நீளும். மூன்று மாதம் கழித்து உற்பத்தி போதவில்லை என்று வேகத்தை ஏற்றுபவர், தரையில் உள்ள மஞ்சள் கோட்டைப் பொய்யாக்கிவிடுகிறார்.

விசைக் கணக்கு

நான்காவது வழியில் ரோபோ ஆள் மேல் படவே கூடாது என்று இல்லை. பட்டாலும் காயமாகாத அளவில் பட வேண்டும். எவ்வளவு பட்டால் வலிக்கும்? ஜெர்மனியின் மைன்ஸ் பல்கலைக்கழகத்தில் 100 பெரியவர்களின் உடலில் 29 இடங்களில் அழுத்திப் பார்த்து, வலி தொடங்கும் அழுத்தத்தை அளந்தார்கள். 15066 வழிகாட்டியில் உள்ள அழுத்த வரம்புகளுக்கு அந்த ஆய்வுதான் அடிப்படை.

விசைக்கும் தனியாக வரம்பு உண்டு. விசையின் அலகு நியூட்டன்; 10 நியூட்டன் என்றால் ஏறக்குறைய ஒரு கிலோ எடை அழுத்துவது போல. கைக்கும் விரலுக்கும் 140 நியூட்டன், அதாவது சுமார் 14 கிலோ. வயிற்றுக்கு 110. முகத்துக்கு 65 மட்டும். ரோபோ முகத்திலும் தலையிலும் படும்படி வேலையைத் திட்டமிடவே கூடாது.

இந்த எண்கள் கை சிக்கி நசுங்கும் நிலைக்கானவை. ரோபோ தட்ட, கை பின்னால் விலகிவிட்டால் அது மோதல். அதற்குத் தலை, முகம் தவிர்த்த இடங்களில் இரண்டு மடங்கு வரை இடம் உண்டு. ரோபோவுக்கும் மேசைக்கும் நடுவில் கை மாட்டினால் விலக வழியில்லை, அது சிக்குதல். கோபாட் டெமோவில் பெரும்பாலும் மோதலைத்தான் காட்டுவார்கள். விற்பனைப் பிரதிநிதி தோளைக் கொடுப்பார், கை வந்து லேசாகத் தொட்டு நிற்கும், எல்லோரும் கைதட்டுவார்கள். விரல் நசுங்குவது மேசை ஓரத்தில்.

ஒரு லேத் பட்டறையைக் கிட்டப் போய்ப் பார்க்கலாம். கோபாட் சி.என்.சி. லேத்திலிருந்து, அதாவது கணினி ஓட்டும் கடைசல் மெஷினிலிருந்து, ஸ்டீல் வளையத்தை எடுத்து ட்ரேயில் அடுக்குகிறது. வளையம் இப்போதுதான் லேத்தின் பிடியான சக்கிலிருந்து வந்திருக்கிறது. ஓரத்தில் பிசிறு அப்படியே இருக்கிறது, பிளேடு மாதிரி. ஆபரேட்டர் ட்ரேயைச் சரிசெய்யக் கை நீட்டுகிறார். வளையம் புறங்கையில் படுகிறது. ரோபோ கை 140 நியூட்டனில் சமர்த்தாக நின்றும்விடுகிறது. ஆனால் அந்த விசை முழுவதும் முடி அகலமுள்ள ஒரு பிசிறின் மேல் குவிந்திருக்கிறது. அதே விசை அகலமான ரப்பர் மேல் பரவியிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. பரப்பு குறையக் குறைய அழுத்தம் ஏறும். மூட்டில் உள்ள சென்சார் விசையைப் பார்க்கிறது, ஓரத்தின் அழுத்தத்தை அதனால் பார்க்க முடியாது. அதனால்தான் விசை, அழுத்தம் இரண்டுக்கும் தனித்தனி வரம்பு.

இதைச் சரிசெய்யப் பெரிய செலவு ஆகாது. பிசிறை லேத்திலேயே எடுக்கலாம். வளையத்தின் ஓரம் மூடும்படி கிரிப்பர் விரலை மாற்றலாம். கிரிப்பர் கீழே இறங்கி நிற்கும் இடத்துக்கும் ட்ரேயின் விளிம்புக்கும் நடுவே கை மாட்டாத இடைவெளி விடலாம்: ஐ.எஸ்.ஓ. 13854 கணக்கில் விரலுக்குக் குறைந்தது 25 மில்லிமீட்டர், மணிக்கட்டு வரையிலான கைக்கு 100. இறங்கும் வேகத்தைக் குறைக்கலாம். வேகம் பாதியானால் மோதும் ஆற்றல் கால் பங்காகிறது. இவ்வளவும் செய்து, அளக்கும் கருவி வைத்து அளந்து பார்த்தும் வரம்பு மீறினால், அந்த வேலைக்கு வேலிதான் சரி. கோபாட்டுக்கு வேலி போடுவதில் எந்த அவமானமும் இல்லை.

இதுவரை: தூரத்தை வைத்துக் காப்பாற்றினால் நிற்கும் நேரத்தைக் கணக்கில் எடுக்க வேண்டும். விசையை வைத்துக் காப்பாற்றினால் மோதலையும் சிக்குதலையும் பிரித்துப் பார்த்து, நுனியில் உள்ள பொருளின் ஓரத்தையும் அளக்க வேண்டும்.

விபத்து எந்த நேரத்தில் நடக்கிறது

1979 ஜனவரி 25. அமெரிக்காவின் மிச்சிகனில் ஃபோர்டு வார்ப்பாலையில் ராபர்ட் வில்லியம்ஸ் என்ற தொழிலாளி வார்ப்புகளை எடுக்க அடுக்குக்குள் ஏறினார். பொருட்களை எடுத்துத்தரும் ரோபோ இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அது அவர் தலையில் மோதியது, உயிர் போனது. 1981-ல் ஜப்பானின் ஆகாஷியில் கவாசாகி ஆலையில் கென்ஜி உராடா கோளாறான ரோபோவைப் பார்க்க வேலிக்குள் போனார். மின்சாரம் முழுதாக நிறுத்தப்படவில்லை. ரோபோ அவரைப் பக்கத்து மெஷினோடு சேர்த்து அழுத்திவிட்டது.

இரண்டிலும் ரோபோ தன் வேலையைத்தான் செய்தது. வழக்கமான ஓட்டத்தில் ஆள் தள்ளி இருப்பார். செட்டிங், சுத்தம் செய்தல், சிக்கிய பொருளை எடுத்தல், ரிப்பேர் என்று உள்ளே போகும்போதுதான் ஆபத்து. நின்றிருக்கும் ரோபோ அணைந்த ரோபோ ஆகாது. ஒரு சென்சார் சிக்னலுக்காகக் காத்துக்கொண்டிருக்கலாம். நீங்கள் கையால் தட்டிய பொருளே அந்தச் சிக்னலைக் கொடுத்துவிடலாம். ஆகவே ரிப்பேருக்குப் போகிறவர் மெயின் ஸ்விட்சை அணைத்து, அதில் தன் சொந்தப் பூட்டைப் போட்டுச் சாவியைப் பாக்கெட்டில் வைத்துக்கொள்ள வேண்டும். காற்றழுத்தம் இருந்தால் அதையும் வெளியேற்ற வேண்டும்.

புரோகிராம் கற்றுக்கொடுக்கும்போது மின்சாரத்தை அணைக்க முடியாது. ஆள் உள்ளே, ரோபோ உயிரோடு. இதற்காக இரண்டு ஏற்பாடுகள். ஒன்று, வேகம் நொடிக்கு 250 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. ஒரு நொடிக்கு ஒரு சாணுக்குச் சற்று அதிகம். விலக நேரம் கிடைக்கும். இரண்டாவது, கையில் பிடித்து ரோபோவை ஓட்டும் டீச் பெண்டன்ட் என்ற கருவியின் பின்புறம் உள்ள மூன்று நிலை ஸ்விட்ச். விட்டால் ரோபோ நிற்கும். பாதி அழுத்திப் பிடித்தால் மட்டும் ஓடும். இறுக்கி அழுத்தினாலும் நிற்கும். பயந்துபோனால் சிலர் கையில் இருப்பதை விட்டுவிடுவார்கள், சிலர் இறுக்கிப் பிடித்துக்கொள்வார்கள். இரண்டு பேரையும் காப்பாற்றும்படி யோசித்திருக்கிறார்கள். மனித உடம்பின் பயத்தை இவ்வளவு அக்கறையாகக் கணக்கில் எடுத்த ஒரு சின்ன ஸ்விட்ச் மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு. கை வலிக்கிறது என்று அதன் மேல் டேப் சுற்றிவிடுகிறவர்களைப் பார்த்தால் பதறுகிறது.

சிவப்பு பட்டன் போதுமா

எமர்ஜென்சி ஸ்விட்ச் கட்டாயம் வேண்டும். ஆனால் அது வேலிக்கோ ஸ்கேனருக்கோ மாற்று ஆகாது. அவற்றுக்கு மேல் ஒரு கூடுதல் துணை. ஆள் ஆபத்தைக் கண்டு, முடிவெடுத்து, எட்டி அழுத்தினால்தான் அது வேலை செய்யும். வலது கை சிக்கிய ஆளுக்கு இடது கை எட்டாத இடத்தில் அந்தப் பட்டன் இருந்து என்ன பயன்?

சட்டம் என்ன சொல்கிறது

ஐ.எஸ்.ஓ. தரநிலை தானாகவே சட்டம் ஆகிவிடாது. நம் நாட்டில் 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், 21-ஆம் பிரிவில், மெஷினின் ஆபத்தான பாகங்களுக்கு உறுதியான தடுப்பு வேண்டும் என்றது. அந்தச் சட்டத்தையும் உள்ளடக்கி 2020-ல் இயற்றப்பட்ட பணிப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்து அதன் இடத்தைப் பிடித்தது. தமிழ்நாட்டில் இவற்றைப் பார்ப்பது தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம். தடுப்பு வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. எவ்வளவு தூரத்தில், எவ்வளவு விசைக்கு என்ற விவரத்துக்குத் தரநிலையிடம்தான் போக வேண்டும்.

கையெழுத்துப் போடும் முன்

இன்டகிரேட்டரிடம் "சர்டிபிகேட் இருக்கா" என்று கேட்டால் ரோபோ கையின் சர்டிபிகேட்டைக் காட்டுவார். அது போதாது. எங்கள் பொருளை வைத்துச் செய்த இடர் மதிப்பீடு எங்கே என்று கேளுங்கள். ரோபோ முழுச் சுமையில் நிற்க எத்தனை நொடி, கோடு அந்தக் கணக்கில்தான் போடப்பட்டதா என்று கேளுங்கள். விசையும் அழுத்தமும் அளந்த தாளைக் கேளுங்கள். எந்த இடத்தில், எந்த வேகத்தில் அளந்தது என்று அதில் இருக்க வேண்டும். அந்தப் பேச்சு நடக்கும்போது மெஷினில் நிற்கப்போகும் ஆபரேட்டரையும் பக்கத்தில் உட்காரவையுங்கள். பொருள் சிக்கினால் கையை எந்தப் பக்கமாக விட்டு எடுப்போம் என்று அவருக்குத்தான் தெரியும்.

அப்புறம் ஆர்டர் மாறி, வளையம் போய்த் தகடு வந்தாலோ, கிரிப்பரை மாற்றினாலோ, வேகத்தைக் கூட்டினாலோ, மதிப்பீட்டை முதலிலிருந்து பார்க்க வேண்டும். பாதுகாப்பு செட்டிங்குகளை மாற்றும் பாஸ்வேர்டு யார் யாரிடம் இருக்கிறது என்பதை எழுதி, அந்தத் தாளை மதிப்பீட்டு ஃபைலிலேயே வையுங்கள். பாஸ்வேர்டை மெஷின் மேல் ஸ்டிக்கராக ஒட்டிவைக்கும் பழக்கம் இருந்தால் இன்றே கிழித்துவிடுங்கள்.